பதினைந்து வயதுப் பிள்ளையின் நித்திரையும் கோபமும்

திருகோணமலை நகருக்குப் பக்கத்தில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 15 வயது, அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. இரவு ஒரு மணி, சில நாள் இரண்டு மணி வரை விழித்திருக்கிறான். காலையில் எழுப்பினால் சண்டை. சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போகிறான். கொஞ்சக் காலமாகச் சின்ன விசயத்துக்கெல்லாம் வெடிக்கிறான். சார்ஜரை எடுத்ததற்குத் தம்பிக்கு அடி விழுந்தது. தகப்பன் ஏசியதும் போனைச் சுவரில் எறிந்தான். போன கிழமை ஒருவரையும் கேட்காமல் தகப்பனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலாவெளிப் பக்கம் போயிருக்கிறான். பிறகு தானே இருந்து அழுகிறான். "இது நித்திரை இல்லாததால் வருகிறதா, இல்லை பிள்ளையின் குணமே கெட்டுப் போச்சா? போனைப் பறித்து வைக்கட்டுமா? நாலு போட்டால் சரிவரும் என்று இவர் சொல்கிறார்."

அம்மா, குணம் கெட்டுப் போச்சு என்ற முடிவுக்கு இப்போது வரவேண்டாம். நித்திரை குறைந்த ஒரு பிள்ளையை வைத்து அவனுடைய குணத்தை அளக்கவே முடியாது. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அவன் பிறகு அழுகிறான் என்பதுதான். எது சரி, எது பிழை என்று அவனுக்குத் தெரிகிறது. தெரிந்தது அந்த நொடியில் கைகொடுக்காமல் போகிறது. அது ஏன் என்று விளங்கினால், என்ன செய்யலாம் என்பதும் விளங்கும்.

பருவமடையும் வயதில் உடலின் நாள் கணக்கே, அதாவது எப்போது படுப்பது, எப்போது விழிப்பது என்று சொல்லும் உள் மணிக்கூடே, பிந்திப் போகிறது. இருட்டிய பிறகு மூளையில் சுரந்து நித்திரைக்கு ஆயத்தப்படுத்தும் மெலற்றோனின், சின்னப் பிள்ளைகளோடு பார்க்கும்போது இந்த வயதில் ஒன்று, இரண்டு மணித்தியாலம் வரை பிந்தியே ஏறத் தொடங்குகிறது. பகல் முழுக்க விழித்திருக்கும்போது உடலில் கூடிக்கொண்டு போகும் நித்திரைத் தேவையும் இந்த வயதில் மெதுவாகத்தான் கூடுகிறது. அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்திருக்கிறார். ஆகவே ஒன்பது மணிக்குப் படு என்றால் மகன் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பதில் பிடிவாதம் மட்டும் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே அப்போது நித்திரை வராது.

ஆனால் காலை பிந்துவதில்லை. 13 தொடக்கம் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை தேவை. நமது பள்ளிக்கூடங்கள் காலை 7.30க்குத் தொடங்குகின்றன. உப்புவெளியிலிருந்து வருகிற பிள்ளைக்கு ஆறு மணிக்காவது எழும்ப வேண்டும், கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து நகருக்கு வருகிற பிள்ளைக்கு அதற்கும் முந்தி. ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும்பினால் 5 மணித்தியாலம். நாளுக்கு மூன்று மணித்தியாலம் குறைகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை கணக்குப் பார்த்தால் இரண்டு முழு இரவு நித்திரை இல்லாமல் போன மாதிரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல், இந்த வயதினரின் பாடசாலைகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பாடசாலைகளை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியபோது, பிள்ளைகள் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாக நித்திரை கொண்டார்கள். கிடைத்த நேரத்தை விழித்திருந்து வீணாக்குவார்கள் என்ற பயம் அங்கே பொய்யாகிப் போனது. இங்கே மணி எப்போது மாறும் என்று நாம் காத்திருக்க முடியாது. 7.30ஐ வைத்துக்கொண்டுதான் வழி தேட வேண்டும்.

இப்போது கோபத்துக்கு வருவோம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிதான் ஒரு உந்துதல் வரும்போது "பொறு" என்று சொல்கிறது. அடித்தால் பிறகு என்ன நடக்கும், மோட்டார் சைக்கிளை எடுத்தால் அப்பா என்ன சொல்வார் என்று ஒரு கணம் முன்னோக்கிப் பார்ப்பதும் அதுதான். இந்தப் பகுதி முழுமையாக முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். பயம், கோபம், ஆசை ஆகியவற்றைக் கிளப்பும் உட்பகுதிகளோ பருவ வயதிலேயே வேகம் எடுத்துவிடுகின்றன. அதனால் நன்றாக நித்திரை கொள்கிற பிள்ளையும் இந்த வயதில் கொஞ்சம் எடுத்தேன் கவிழ்த்தேன் என்றுதான் நடக்கும். நித்திரை குறைந்தால் அந்த "பொறு" இன்னும் பலவீனமாகிறது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓர் இரவு முழுக்க விழித்திருந்த இளம் வயதினருக்கு மனதைத் தாக்கும் படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். அச்சத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி, நித்திரை கொண்டவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதை அடக்கும் முன்மூளையோடு அதற்கிருந்த தொடர்பும் குறைந்து போயிருந்தது. அதில் பங்குபற்றியவர்கள் பிள்ளைகள் அல்ல, வளர்ந்தவர்கள், அதுவும் முழு இரவு விழித்தவர்கள். ஆனால் உங்கள் மகனின் வயதுப் பிள்ளைகளை வைத்தும் செய்து பார்த்திருக்கிறார்கள். சின்சினாட்டி நகரில் 14 முதல் 17 வயது வரையான பிள்ளைகளை ஐந்து இரவுகள் ஆறரை மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டார்கள். இன்னொரு ஐந்து இரவு அதே பிள்ளைகளைப் பத்து மணித்தியாலம் படுக்க விட்டார்கள். ஆறரை மணித்தியாலக் கிழமையில் எரிச்சலும் பதகளிப்பும் கூடியதாகவும், தங்களைத் தாங்களே கட்டுப்படுத்துவது கடினமாக இருந்ததாகவும் பிள்ளைகளும் சொன்னார்கள், பெற்றாரும் சொன்னார்கள். ஒரே பிள்ளை, ஒரே வீடு, மாறியது நித்திரை மட்டும்தான். ஐந்து மணித்தியாலம் படுக்கிற உங்கள் மகன் அந்த ஆறரையைக்கூடத் தொடவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

வழக்கமாக விடுபட்டுப் போகிற விசயம் ஒன்று இருக்கிறது. இது இரண்டு பக்கமும் ஓடுகிறது. நித்திரை இல்லாததால் கட்டுப்பாடு குறைகிறது, கட்டுப்பாடு குறைவதால் அடுத்த இரவும் நித்திரை போகிறது. இரவு 11.30க்கு, களைத்துப் போன ஒரு பிள்ளை கையில் போனை வைத்துக்கொண்டு "இன்னும் ஒரு வீடியோ" என்கிறான். அதை அணைத்துவிட்டு எழும்புவதற்குத் தேவையான அந்த "பொறு"தான் அந்த நேரத்தில் அவனிடம் மிகக் குறைவாக இருக்கிறது. அதனால் இரவில் அவனுடைய மனவலிமையை நம்பிப் போடுகிற எந்தத் திட்டமும் தோற்கும். நள்ளிரவில் போனைப் பறிப்பதும் அதே காரணத்தால் தோற்கும். அப்போது நீங்களும் களைப்பு, அவனும் களைப்பு. அதுதான் போன் சுவரில் போய் விழுகிற நேரம். முடிவுகளைப் பகலில் எடுங்கள். வேலையைக் காலையிலிருந்து தொடங்குங்கள்.

காலையிலிருந்து என்றால், முதல் கிழமை எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்பதைத் தொடவே வேண்டாம். எழும்பும் நேரத்தை மட்டும் பிடியுங்கள். பள்ளி நாளில் ஆறு மணி என்றால், சனி ஞாயிறு ஏழு மணி, போனால் ஏழரை. ஞாயிறு பதினொரு மணி வரை படுத்தால் அன்றிரவு அவனுக்கு நித்திரை வரவே வராது, திங்கள் காலை மறுபடி போர்தான். எழும்பியவுடன் வெளியே வெளிச்சத்துக்கு அனுப்புங்கள். உடலின் நாள் கணக்கை முன்னுக்குக் கொண்டுவரக் காலை வெளிச்சத்தைவிட நல்ல மருந்து இல்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் ரியூப் லைட் தருவது சில நூறு லக்ஸ். வெளியே, பொழுது நன்றாக விடிந்த பிறகு, மேகம் மூடிய காலையிலும் பல ஆயிரம் இருக்கும். திருகோணமலையில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே பொழுது விடிகிறது, அதுவும் கடலுக்கு மேலால் நேரே முகத்தில் அடிக்கிறது. குளிர் நாடுகளில் மாரி காலத்தில் இதற்கென்று விளக்கு வாங்கி வைத்து அதன் முன்னால் உட்காருகிறார்கள். நமக்கு முற்றத்தில் நின்று பல் தீட்டினாலே பாதி வேலை முடிந்தது. கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வரச் சொல்லுங்கள். இருபது நிமிடம் வெளியே நின்றால் போதும்.

ஒரு கிழமை இப்படிப் போனால் இரவில் நித்திரை தானாகவே கொஞ்சம் முந்தி வரத் தொடங்கும். அப்போது படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணித்தியாலமாக முன்னுக்கு இழுங்கள். ஒரு மணியிலிருந்து திடீரென்று பத்து மணிக்குத் தாவினால் மூன்று மணித்தியாலம் இருட்டில் விழித்துக் கிடப்பான், அந்த நேரத்தில் மனம் எங்கெல்லாமோ போகும்.

நம்மிடையே வேரூன்றிய ஒரு பழக்கத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். "விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிப் படி, மனதில் நிற்கும்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். எட்டு மணிக்கே படுத்துவிடுகிற ஒருவருக்கு அது சரிவரலாம். பதினொரு மணிக்கு முந்தி நித்திரை வராத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய கெடுதல். கனவு காணும் நித்திரையின் பெரும்பகுதி இரவின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது, மனதைத் தாக்கிய விசயங்கள் ஆறி அடங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. பகலில் படித்தது நினைவில் பதிவதும் நித்திரையில்தான். நாலு மணி அலாரம் சரியாக அந்தப் பகுதியையே வெட்டி எடுக்கிறது. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் தொட்டதற்கெல்லாம் அழுவதையும் எரிந்து விழுவதையும் "பரீட்சைப் பயம்" என்று சொல்லிவிடுகிறோம். அதில் பாதி இந்த அலாரம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சுபஹுத் தொழுகைக்கு எழும்பும் வீடுகளில் நிலைமை வேறு, அந்த நேரத்தை மாற்ற முடியாது. அங்கே படுக்கும் நேரத்தை இன்னும் முந்தி வைப்பதோடு, மதியத்தில் கைலூலா என்று பெரியவர்கள் கொள்கிற அந்தச் சிறு நித்திரையைப் பிள்ளைக்கும் பழக்கலாம். மற்ற வீடுகளுக்கும் இது பொருந்தும், ஆனால் அளவு முக்கியம். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும்பினால், இரவுக்குச் சேர்த்து வைத்த நித்திரையைப் பின்னேரமே செலவழித்தாயிற்று. இருபது, முப்பது நிமிடம். மூன்றரைக்குள் எழுப்பிவிட வேண்டும்.

அப்புறம் ரியூசன். பின்னேரம் ஒரு வகுப்பு, அது முடிய இன்னொரு வகுப்பு, எட்டு மணிக்கு வீடு, சாப்பாடு ஒன்பது மணிக்கு, அதற்குப் பிறகு வீட்டுப்பாடம். இந்த அட்டவணையில் எட்டு மணித்தியால நித்திரைக்கு இடமே இல்லை, பிள்ளை எவ்வளவு நல்லவனாக இருந்தாலும். கிழமை நாட்களில் ஒரு இரவு வகுப்பையாவது நிறுத்துங்கள். இதைச் சொன்னால் பெற்றார் அதிர்ச்சி அடைகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து மணித்தியாலம் படுத்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பான், கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். நீங்கள் காசு கட்டுவது அவன் உட்காருவதற்கு அல்ல.

படிக்கத் தெம்பு வரட்டும் என்று இரவு ஒன்பது மணிக்குப் பிளேன்ரீயோ கோப்பியோ ஊற்றிக் கொடுப்பதையும் விடுங்கள். கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணித்தியாலம் ஆகும். ஒன்பது மணிக்குக் குடித்ததில் பாதி இரண்டு மணிக்கும் உள்ளே இருக்கிறது. கடைகளில் விற்கும் ஊக்கப் பானங்களில் 250 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் 80 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு இவை எதுவும் வேண்டாம்.

போனைப் பற்றி. பறிக்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது பேசுங்கள். "நாங்கள் எல்லாரும் இரவில் போனை ஹோலில் சார்ஜுக்குப் போடுவம். உனக்கு ஒன்பதரை சரியா, பத்து மணி சரியா? நீயே சொல்லு மகன்." நேரத்தை அவன் தெரிவு செய்யட்டும். எல்லாரும் என்றால் தகப்பனும்தான். அவர் பாயில் படுத்துக்கொண்டு பதினொரு மணி வரை பேஸ்புக் பார்த்தால் இந்த ஏற்பாடு இரண்டு நாள் தாங்காது. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான், சின்ன மணிக்கூடு ஒன்று வாங்கிக் கொடுங்கள். திரை வெளிச்சம் மெலற்றோனினைத் தள்ளிப் போடுவது உண்மை. ஆனால் இந்த வயதில் அதைவிடப் பெரிய தொல்லை உள்ளே நடக்கிற விளையாட்டும், குழுவில் வந்து விழும் செய்திகளும், யார் என்ன சொன்னார்கள் என்ற தவிப்பும்தான். அதனால் திரையை மஞ்சள் நிறத்துக்கு மாற்றிவிட்டேன் என்று திருப்திப்பட வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளைகளிடம் இது பல வேளை சுவரில் எறிவதாக வெளிப்படாது. நள்ளிரவில் யோசியாமல் அனுப்பிய ஒரு செய்தியாக, ஒரு படமாக, தன் கையையே கீறிக்கொள்வதாக வெளிப்படும். சத்தம் இல்லாததால் நாம் கவனிப்பதில்லை. அவர்களுக்கும் இதே நித்திரைக் கணக்குத்தான். அப்படி ஒரு படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பிள்ளையை ஏசாமல் பக்கத்தில் நில்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

வெக்கையைச் சின்ன விசயமாக நினைக்காதீர்கள். நித்திரை வருவதற்கு உடலின் உட்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது சீற் போட்ட கூரையும் கொங்கிறீற் தட்டும் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். ஒரு ஃபான், அதுவும் சின்னப் பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்திருந்தால், பெரியவன் பன்னிரண்டு மணி வரை புரளத்தான் செய்வான். படுக்க முன் ஒரு குளிப்பு, காற்று வருகிற ஹோலில் பாய், நுளம்பு வலை. பல வீடுகளில் இதுவே அரை மணித்தியாலத்தை மீட்டுத் தரும்.

உங்கள் கணவர் சொன்ன "நாலு போட்டால்" என்பதற்கு வருகிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடி விழும் என்ற பயத்தோடு படுக்கிற பிள்ளைக்கு நித்திரை இன்னும் மெலிதாகும், மெலிந்தால் வெடிப்பு இன்னும் கூடும். அடியால் அவர் எதை நிறுத்தப் பார்க்கிறாரோ அதைத்தான் அடி வளர்க்கும். கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பியை அடித்ததற்கு விளைவு இருக்க வேண்டும், அந்த விளைவு அடுத்த நாள் பகலில் வர வேண்டும். இரவு பத்து மணிக்குப் பிறகு வீட்டில் எந்த வழக்கும் பேசுவதில்லை என்று ஒரு ஒழுங்கு வையுங்கள். அவன் கத்தினாலும் "இப்ப வேண்டாம் மகன், காலமை கதைப்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். சொன்னபடி அடுத்த நாள் கட்டாயம் கதையுங்கள், இல்லாவிட்டால் அந்த வார்த்தைக்கு மதிப்புப் போய்விடும். மோட்டார் சைக்கிள் திறப்பு மட்டும் இன்றைக்கே அவன் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். அனுமதிப்பத்திர வயதும் வரவில்லை, நித்திரையும் இல்லை. அதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

பிள்ளையை நித்திரையாக்க வீட்டில் இருக்கிற பிரிற்றன் (Piriton) குளிசையைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். செய்ய வேண்டாம். அது தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கிற மருந்து, அடுத்த நாள் காலை மந்தத்தைக் கூட்டும். மெலற்றோனின் குளிசையும் வைத்தியர் சொல்லாமல் வேண்டாம்.

ஒரு கொப்பியில் மூன்று கிழமைக்குக் குறித்து வையுங்கள்: படுத்த நேரம், எழும்பிய நேரம், அன்றைக்கு வெடித்தானா, எத்தனை மணிக்கு, எதற்காக. நித்திரை ஓரிரு கிழமையில் நகரத் தொடங்கும், கோபம் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும். பல வீடுகளில் முதலில் தெரிகிற மாற்றம், வெடித்த பிறகு அடங்க எடுக்கும் நேரம் குறைவது.

நித்திரை சீரான பிறகும் ஒரு மாதத்தில் ஒன்றும் மாறாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். பெரிதாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு அடைபட்டுத் திடுக்கிட்டு விழிக்கிற பிள்ளைக்குத் தொண்டைச் சதை வளர்ந்திருக்கலாம். படுத்தால் கால் உளைந்து வைத்திருக்க முடியாமல் ஆட்டுகிற பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் இருக்க முடியாமல், முறை வரும் வரை பொறுக்க முடியாமல் வளர்ந்த பிள்ளைக்குக் கவனக்குறைவு மிகைச் செயற்பாட்டுக் கோளாறு இருக்கலாம், அந்தப் பிள்ளைகளுக்கு நித்திரைத் தொல்லையும் கூடவே வரும். விளையாட்டு, கூட்டாளிகள் எதிலுமே விருப்பம் இல்லாமல் ஒதுங்கினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நித்திரையே இல்லாமல் துடிப்பாக இருந்து, பிறகு ஒரேயடியாக விழுந்து படுத்தால், சாப்பாடு குறைந்து உடம்பு வற்றினால், ஐஸ் போதைப்பொருளையும் மனதில் வைத்துப் பாருங்கள். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் அது இப்போது வடக்குக் கிழக்கில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளையும் தொடுகிறது.

இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். தகப்பன் குடித்துவிட்டு வருகிற இரவுகளில், தாய்க்கு ஏதும் நடந்துவிடுமோ என்று காது கொடுத்துக்கொண்டு கிடக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை போன் பார்ப்பதால் விழித்திருக்கவில்லை, விழித்திருப்பதால் போன் பார்க்கிறது. அங்கே மாற வேண்டியது பிள்ளையின் பழக்கம் அல்ல. உங்கள் வீடு அப்படி என்று நான் சொல்லவில்லை, ஆனால் இதை வாசிக்கிற சில வீடுகள் அப்படித்தான் இருக்கும்.

சாகிற கதை கதைத்தாலோ, தன்னைத் தானே காயப்படுத்தினாலோ மூன்று கிழமை பார்க்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். இரவென்றால் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அவசரமில்லாவிட்டால் முதலில் பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரோடு கதைக்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு போங்கள். வைத்தியரிடம் அவனைத் தனியாகப் பத்து நிமிடம் பேச விடுங்கள், உங்கள் முன்னால் சொல்லாததை அங்கே சொல்வான்.